எட்டு கோட்டு லேக்கர்

ஒரு கிட்டாரு மேல எட்டு கோட்டு லேக்கர் அடிச்சு வெச்சிருந்தாரு எங்கூட்டுக்காரரு. எட்டையும் அழிச்சது நானுங்க. வேற ஆரு தலையிலயும் இதைக் கட்ட முடியாது. எம்மவகிட்ட சொன்னா, "விடும்மா, ஒரு கிட்டார்தானே"ங்கறா. அவளுக்கென்னுங்க, ஞாயித்துக்கிழமையானா சோமனூர்ல இருந்து வருவா, ரெண்டு ஆரஞ்சுப் பழத்தை உரிச்சு அப்பன் வாயில ஊட்டுவா, நாலு மணி பஸ்ஸுக்குக் கெளம்பீருவா. அந்தக் கிட்டாரு முடிஞ்சாத்தான் அந்த மனுசன் எந்திரிப்பாருன்னு பக்கத்துலயே உக்காந்து பாத்தவ நானு.

அவரு மர வேலைக்காரரு. வேலம்பாளையத்துல இருந்து அவிநாசி வரைக்கும் பனியன் கம்பெனி மொதலாளிமாரு கட்டுன ஊடுகள்ல வாசக்கதவு, மாடிப்படிக் கைப்பிடி, சாமி ரூம்புக் கதவுன்னு அவரு கை படாத எடம் கொஞ்சந்தான். மரத்தை அறுக்கறதுக்கு எத்தனையோ பேரு இருக்காங்க. அவரைக் கூப்புடறது பாலீசுக்கு. அவரு வார்னிஷாட்டம் லேக்கர் அடிச்சுத் தேச்சு முடிச்ச கதவுல மொகம் பாத்துத் தலை சீவலாம்னு ஒரு மொதலாளியம்மா சொன்னாங்களாம். அதை ஊட்டுக்கு வந்து எங்கிட்டச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சாரு. நான் ஒரு நல்ல வார்த்தை சொல்லியிருக்கலாம். "எங்கூட்டுக் கதவு செல்லரிச்சுக் கெடக்குது, அதுல எப்ப மொகம் பாக்கறது"ன்னுதான் கேட்டேன். என்ற வாய் அப்படி. ஆளை வெட்டுன பொறவுதான் கத்தியைக் கழுவோணும்னே தோணும்.

ஞாயித்துக்கிழமை சர்ச்சுல அவருதான் கிட்டாரு வாசிப்பாரு. சர்ச்சுக் கிட்டாரு பிளைவுட்டுல பண்ணுனது. கழுத்து வளைஞ்சு போயி, மழை பேஞ்சா சுருதி நிக்காது. "நானே ஒண்ணு செய்யறேன்"னு பத்து வருசமாச் சொல்லிக்கிட்டிருந்தாரு. ஒரு ஊட்டுல கதவு வேலை முடிஞ்சு ஈட்டி மரத்துண்டு மிச்சமாச்சு, எடுத்துக்கங்கன்னுட்டாங்க. அப்பப் புடிச்சது கிறுக்கு. மேல் பலகைக்கு மட்டும் கோயமுத்தூர் போயி வெளிநாட்டு மரம் வாங்கிட்டு வந்தாரு. ஃபோனுல வீடியோவப் பாப்பாரு, நிறுத்துவாரு, மரத்தை வளைப்பாரு, ஒடையும், மறுபடி வளைப்பாரு. ஒரு வருசத்துக்கு மேல ஆச்சுங்க. "கட்டில் கால் ஆடுதுன்னு மூணு வருசமாச் சொல்றேன், அதுக்கு ஒரு ஆப்பு வெக்க நேரமில்லை, கிட்டாரு செய்யறாராம் கிட்டாரு"ன்னு நான் பாட்டுக்குப் பொலம்புவேன். அவரு காதுலயே போட்டுக்க மாட்டாரு.

பொங்கல் கழிஞ்சு லேக்கர் அடிக்க ஆரம்பிச்சாரு. கொல்லையில கம்ப்ரசரை வெச்சுக்கிட்டு, கிட்டாரைக் கம்பியில தொங்க விட்டு, ஒரு நாளைக்கு ஒரு கோட்டுக்கு மேல அடிக்க மாட்டாரு. எட்டாவது கோட்டு முடிஞ்ச அன்னிக்கு அதை ஊட்டுக்குள்ள கொண்டு வந்து முன் ரூம்புல கொக்கியில மாட்டுனாரு. "ஒரு மாசம் ஆரும் தொடக்கூடாது அம்மிணி. உள்ளுக்குள்ள காயோணும். அப்பறந்தான் தேக்கறது, பாலீசு எல்லாம்"னாரு. அது சொல்லி மூணு வாரம். காத்தாலே பல்லு வெளக்கிட்டு இருந்தவரு அப்படியே சரிஞ்சாரு. பிரஷ்ஷு வாயில இருந்து உழுந்துச்சு, எடுக்கக் கையை நீட்டுனாரு, கை வரலை.

வலது கையி, வலது காலு, பேச்சு, மூணும் போச்சு. கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில பதினேழு நாளு. வரும்போது டாக்டரு ஒண்ணுதான் சொன்னாரு. மொத ஆறு மாசம் விட்டுறாதீங்க, எது திரும்பி வந்தாலும் இந்த ஆறு மாசத்துல வந்தாத்தான், அவரு மனசு வெச்சுப் பயிற்சி செய்யோணும்னாரு. மனசு வெக்கோணும். அதுக்கு எந்தக் கடையில மருந்து இருக்குது, சொல்லுங்க.

பயிற்சி குடுக்க வாரத்துக்கு மூணு நாளு ஒரு புள்ள வந்துச்சு. திருநெல்வேலிப் பக்கத்துப் புள்ள. நல்ல பொறுமை. கையைத் தூக்கச் சொல்லும், காலை மடக்கச் சொல்லும். இவரு செவுத்தைப் பாத்துத் திரும்பிப் படுத்துக்குவாரு. கத்தலை, அழுகலை, ஒண்ணுமில்லை. செத்த மாட்டைப் பொரட்டற மாதிரி நாங்க ரெண்டு பேரும் பொரட்டறோம். நானும் கெஞ்சிப் பாத்தேன், திட்டிப் பாத்தேன், மவளை விட்டுச் சொல்ல வெச்சேன், பாஸ்டரு வந்து செபம் பண்ணாரு. மனுசன் அசையலை. எனக்கு வந்த வெசனத்துல, "இப்படிக் கெடக்கறதுக்கு அங்கயே போயிச் சேந்திருக்கலாம்"னு ஒரு நாளு வாய விட்டுட்டேன். அதுக்கும் திரும்பலை.

ஒரு நாளு ஒட்டடை அடிக்கறப்ப கொக்கியில இருந்து கிட்டாரை எறக்குனேன். பின்னாடி கட்டில் கிறீச்சுன்னுச்சு. திரும்பிப் பாத்தா, இடது முழங்கையை ஊனி, தலையைத் தூக்கி, பாதி எந்திரிச்சிருக்காரு மனுசன். ஆரும் தூக்கலை. கண்ணு என்ற கையில இருக்கற கிட்டாரு மேல. எங்க கீழ போட்டுருவேனோன்னு பயம். கிட்டாரை அப்படியே அணைச்சுக்கிட்டுக் கொஞ்ச நேரம் நின்னேன்.

அந்தப் புள்ளகிட்டச் சொன்னேன். அதுக்கு மொகமெல்லாம் மலர்ந்து போச்சு. "அம்மா, அதை முடிச்சு அவிய கையில குடுத்துருங்க. வாசிக்கதுதான் பயிற்சி. விரலு தன்னால அசையும் பாருங்க"ன்னுச்சு. அப்ப ரெண்டு மாசம் ஓடியிருந்துச்சு.

பூண்டியில இருந்து இவரு கூட வேலை செய்யறவரு ஒருத்தரு அப்பப்ப பாக்க வருவாரு. ரெண்டு பேரும் இருவது வருசமா ஒட்டுக்கா வேலை செஞ்சவங்க. இவரை அண்ணன்னுதான் கூப்புடுவாரு. அவருகிட்டக் கேட்டேன். "குடுங்க்கா, நான் எடுத்துட்டுப் போயித் தேச்சு, பாலீசு பண்ணிக் கொண்டாறேன். ஒரு வாரம்"னாரு. கட்டில் பக்கத்துல போயி அண்ணங்கிட்டயும் கேட்டாரு. இவரு தலையை ஆட்டுனாரு, வேண்டாம்னு. அப்பறம் இடது கையைத் தூக்கி என்னையக் காட்டுனாரு.

என்னைய. இருவத்தாறு வருசத்துல ஒரு ஆணியக்கூட என்ற கையில நம்பிக் குடுத்ததில்லை. ஞாயித்துக்கிழமையில அவரு கதவு தேக்கறப்ப மறு முனையைப் புடிச்சுக்குவேன், தண்ணி ஊத்துவேன், அவ்வளவுதான். என்னையத்தான் காட்டுனாரு. அன்னிக்குச் சமையக்கட்டுக்குப் போயி நான் அழுததை அவரு பாக்கலை.

நான் செக்கிங் வேலை பாக்கற பனியன் கம்பெனியில ரெண்டு வாரம் லீவு போட்டேன். கட்டிலுக்குப் பக்கத்துல பெஞ்சை இழுத்துப் போட்டு, மேல போர்வையை மடிச்சு விரிச்சு, கிட்டாரை மல்லாக்கப் படுக்க வெச்சேன். ஓட்டைக்குள்ள தண்ணி போகாம டேப்பு ஒட்டுனேன். இவருக்கு முதுகுல மூணு தலைகாணி குடுத்து உக்கார வெச்சேன். உக்காந்தாரு. நாள் முச்சூடும் உக்காந்தாரு.

லேக்கர் அடிச்ச மரம் பாக்கறதுக்குப் பளபளன்னுதான் இருக்கும். ஆனா வெளிச்சத்துல சாச்சுப் பாத்தா ஆரஞ்சுத் தோலாட்டம் பொடிப்பொடியாப் பள்ளமும் மேடும் தெரியும். மேட்டைத் தேச்சுப் பள்ளத்தோட சமம் பண்ணோணும். எண்ணூறாம் நம்பர் வாட்டர் பேப்பர்ங்கற உப்புத்தாளை ரப்பர் கட்டையில சுத்தி, சோப்புத் தண்ணியில முக்கி, பாரமே குடுக்காம மொல்லமாத் தேக்கோணும். தேச்ச எடம் பளபளப்புப் போயி பாலாட்டம் வெளுக்கும். பள்ளத்துல மட்டும் மினுக்கு மினுக்குனு புள்ளி நிக்கும். அந்தப் புள்ளி போற வரைக்கும் தேக்கோணும். போனதுக்கப்பறம் ஒரு தேய்கூடத் தேக்கக்கூடாது. எட்டு கோட்டும் சேந்து ஒரு காயிதக் கனந்தான் வருமாம். எண்ணூறு முடிஞ்சா ஆயிரம், அப்பறம் ரெண்டாயிரம். கடைசியா காம்பவுண்டுங்கற பசை போட்டுத் தேச்சாத்தான் அந்தப் பளபளப்பு திரும்பி வரும்.

அவரு இடது கையிலயே எல்லாத்தையும் சொன்னாரு. ரெண்டு விரலைத் தூக்குனா, இன்னும் தேய். உள்ளங்கையைக் காட்டுனா, நிறுத்து. விரலை உதறுனா, தண்ணி பத்தலை. பேசிக்கிட்டிருந்தப்ப நாங்க இத்தனை பேசுனதில்லைங்க. அப்பெல்லாம் நான் ஒண்ணு சொன்னா அவரு எந்திரிச்சு வெளிய போயிருவாரு. இப்பப் போக முடியாதில்ல.

ஒவ்வொரு தாட்டியும் தேச்ச பாலைத் தொடைச்சுத்தான் அடுத்தது பாக்கோணும். தொடைக்கறதுக்குத் துணி வேணும். அவருகிட்ட ஒரு தகரப்பொட்டி உண்டு. பழைய வேட்டியைச் சதுரஞ்சதுரமாக் கிழிச்சு அதுல போட்டு வெச்சிருப்பாரு. ஆஸ்பத்திரியில இருந்து வந்ததும் ஊட்டைக் கூட்டிச் சுத்தம் பண்ணுனப்ப, நாறுதுன்னு அதையெல்லாம் தூக்கிக் குப்பையில போட்டுட்டேன். எப்பவுமே எனக்கு அது பொறுக்காது. பனியன் ஊர்ல இருந்துக்கிட்டு எவனாச்சும் கிழிஞ்ச வேட்டியைத் தேடுவானா? திருப்பூர்ல ஆட்டோக்காரன் கண்ணாடி தொடைக்கறது பனியன் வேஸ்ட்டு, டீக்கடையில பெஞ்சு தொடைக்கறது பனியன் வேஸ்ட்டு. என்ற கம்பெனியில கட்டிங் வேஸ்ட்டு மூட்டை மூட்டையாக் கெடக்குது.

லீவு போடறதுக்கு முந்தின நாளே நான் பொறுக்கி எடுத்துட்டு வந்திருந்தேன். சும்மா கெடைச்சதை அள்ளிட்டு வரலை. வெளிநாட்டுக்குப் போற பச்சக் கொழந்தைத் துணி ஓடிக்கிட்டிருந்துச்சு. செக்கிங்குல நாங்க அதைக் கன்னத்துல வெச்சுப் பாப்போம். வெண்ணெய்தான். அந்தத் துணியிலயே எது ரொம்ப மெத்துனு இருக்குதோ அதைப் பாத்துப் பாத்து எடுத்தேன். அவரு அடிச்ச லேக்கர்ல ஒரு கீறல் உழுகக்கூடாதுன்னு எடுத்தேன்.

மொத நாளு அந்தத் துணியை எடுத்துத் தொடைச்சேன். டப்புன்னு ஒரு சத்தம். இடது கையால கட்டில் சட்டத்தைத் தட்டறாரு. பாத்தா, உள்ளங்கையைக் காட்டறாரு. நிறுத்து. அப்பறம் தகரப்பொட்டியக் காட்டறாரு. மறுபடி துணியக் காட்டித் தலையை ஆட்டறாரு.

புரிஞ்சுதுங்க. புரியலைன்னு பொய் சொல்ல மாட்டேன். இந்தத் துணி வேண்டாம், பழைய வேட்டியை எடுங்கறாரு. அது எல்லாத்தையும் நான் தூக்கிப் போட்டாச்சு. பீரோவுல சர்ச்சுக்குக் கட்டற நல்ல வேட்டி ரெண்டு இருந்துச்சு. அதைக் கிழிக்க எனக்கு மனசில்லை, ஏன்னா அவரு எந்திரிச்சுக் கட்டுவாருன்னு நெனச்சேன். அவரு தட்டறதை நிறுத்தலை. டப்பு டப்புன்னு தட்டத் தட்ட எனக்கு ஏறுச்சு பாருங்க கோவம். எழுவத்தேழு நாளாக் குளிப்பாட்டி, ஊட்டி, தொடைச்சு விடறவ நானு. இதுலயும் நொட்டை சொல்றாரேன்னு.

"ஏனுங்க, இருவது வருசமா துணியிலயே கெடக்கறவ நானு. எனக்குத் துணியப் பத்தி நீங்க சொல்லித் தரப் போறீங்களா? செய்யறவளுக்குத் தெரியும், சும்மா உக்காருங்க"ன்னு கத்திப் போட்டேன்.

கை நின்னு போச்சு. அன்னிக்குப் பொழுதுக்கும் ஒரு சைகையும் இல்லை. அடுத்த நாளு காத்தாலே தானா ரெண்டு விரலைத் தூக்குனாரு. சரி, கோவம் போயிருச்சுன்னு நெனச்சேன். துணியைப் பத்தி அப்பறம் அவரு சொல்லவே இல்லை. விட்டுக் குடுத்துட்டாரு. கலியாணமான நாள்ல இருந்து அவரு எனக்கு விட்டுக் குடுத்ததெல்லாம் நான் செயிச்சதா நெனச்சுக்கிட்டே காலத்தை ஓட்டீட்டேன்.

ஆனா அந்த ஒம்பது நாளைப் போல எங்கூட்டுல நல்ல நாளே இருந்ததில்லைங்க. பயிற்சிக்கு வந்த புள்ள சொன்னதையெல்லாம் செஞ்சாரு. தோளைத் தூக்குனாரு, காலை இழுத்து மடக்குனாரு. நாலாம் நாளு வலது கட்டை விரலு அசைஞ்சுது. கொஞ்சூண்டுதான், ஆனா அசைஞ்சுது. நாங்க ரெண்டு பேரும் கத்துன கத்துல பக்கத்தூட்டு அக்கா என்னமோ ஏதோன்னு ஓடி வந்துட்டாங்க. இவருக்குப் பாதி மொகம் சிரிச்சுது. ஆறு மாசம் எதுக்கு, நாலே மாசத்துல நடந்துருவாருன்னு மனசுக்குள்ள கணக்குப் போட்டேன்.

ஒம்பதாம் நாளு மேல் பலகையில ஓரத்துல ஒரே ஒரு மினுக்குப் புள்ளி. கையை வெக்கற எடத்து வளைவுல. என்ற கண்ணு செக்கிங் டேபிள்ல பழகின கண்ணு, ஒரு புள்ளியை விடாது. அவரு உள்ளங்கையைக் காட்டுனாரு, போதும்னு. "ஒண்ணே ஒண்ணுங்க"ன்னு நாலு தேய் தேச்சேன். பேப்பர்ல வெள்ளையா வர்ற பாலு பழுப்பா வந்துச்சு. தொடைச்சுப் பாத்தா, அஞ்சு ரூவாக் காசு அகலத்துக்கு லேக்கர் போயி மரம் தெரியுது. தண்ணி பட்டு அந்த எடம் கறுத்துப் போச்சு.

எனக்குக் கண்ணுல தண்ணி கொட்டுச்சு. அவரு மொகத்தைப் பாக்கப் பயந்து பயந்து பாத்தேன். மனுசன் சிரிக்கறாரு! இடது கையைத் தூக்கி, ஆள்காட்டி விரலை மடக்கிக் காட்டறாரு, ஸ்ப்ரே கன்னு அழுத்தற மாதிரி. ஒரு கோட்டு அடிச்சாச் சரியாயிரும், இதுக்குப் போயி அழுகறியாங்கறாரு. அவருக்கு இது புதுசில்லை. எத்தனை கதவுல இப்படி ஆயிருக்குமோ.

பூண்டிக்காரருக்கு ஃபோனு போட்டேன். அடுத்த நாளு காத்தாலே கன்னைத் தூக்கிட்டு வந்துட்டாரு. கொல்லையில கம்ப்ரசரை ஓட்டுனாரு. இவரு என்ன பண்ணுனாரு தெரியுங்களா? கதவைக் காட்டுனாரு. வெளிய வந்து பாக்கோணுமாம். அந்தப் புள்ளயும் வந்திருந்துச்சு. ஆளுக்கொரு பக்கம் புடிச்சோம். ரூம்புல இருந்து கொல்லை வாசல் வரைக்கும், காலை இழுத்து இழுத்து, நடந்தாருங்க. விழுந்த நாளுக்கப்பறம் மொத நடை. வாசப்படியில பிளாஸ்டிக் சேரு போட்டு உக்கார வெச்சோம். வேர்த்து ஊத்துது. எனக்கு நெஞ்சுக்குள்ள அத்தனை சந்தோசம், கர்த்தரே போதும், இதுக்கு மேல ஒண்ணும் கேக்க மாட்டேன்னு நெனச்சேன்.

பூண்டிக்காரரு தேச்ச எடத்துல மட்டும் அடிச்சா தெரியும்னு மேல் பலகை முழுக்க ஒரு கோட்டு ஓட்டுனாரு. ஒரு நிமிசம் கண்ணாடியாட்டம் நின்னுச்சு. அப்பறம் லேக்கர் வெலக ஆரம்பிச்சுது. எண்ணைச் சட்டியில தண்ணி உழுந்தா எப்படி ஒட்டாம ஓடுமோ அப்படி. இங்க ஒரு குழி, அங்க ஒரு குழி, பாத்துக்கிட்டிருக்கும்போதே பலகை பூராவும் அம்மை போட்ட மாதிரி. பூண்டிக்காரரு, "அட கெரகமே"ன்னு கன்னைக் கீழ வெச்சாரு. நான் இவரைத் திரும்பிப் பாத்தேன். இவரு எனக்கு முந்தியே பாத்துட்டாரு. கண்ணை மூடிக்கிட்டாரு.

தின்னர் போட்டுத் தொடைச்சுட்டு மறுபடி அடிச்சாரு. மறுபடி குழி, மொத தாட்டியைக் காட்டிலும் எச்சா.

"ஏனுங்க்கா, எதுல தொடைச்சீங்க இதை?"

துணியைக் கொண்டாந்து குடுத்தேன். வெரல்ல வெச்சு ஒரு தேய் தேச்சாரு.

"இது சிலிக்கான் போட்ட துணியாச்சுங்களே. சிலிக்கான் பட்ட எடத்துல லேக்கர் நிக்காதுங்க்கா. அண்ணன் பனியன் வேஸ்ட்டைக் கிட்டவே விட மாட்டாரே. நீங்க கம்பெனியில இருக்கறவங்க, தெரியாதுங்களா?"

தெரியுமுங்க. சிலிக்கான் வாஷுன்னு ஒவ்வொரு பண்டலு அட்டையிலயும் எழுதியிருக்கும். நானே படிச்சுப் படிச்சுக் கட்டி அனுப்புவேன். துணி மெத்துனு இருக்கறதே அதுனாலதான். எது ரொம்ப மெத்துனு இருக்குதோ அதுல சிலிக்கான் எச்சு. பாத்துப் பாத்துப் பொறுக்குனேனே, அந்த மருந்து எதுல எச்சா இருக்குதோ அதையே பொறுக்கி, ஒம்பது நாளு, மேல, கீழ, பக்கம், கழுத்து, ஒரு எடம் பாக்கி விடாம ஏத்தியிருக்கேன். துணிக்கு அது நல்லது. மரத்துக்கு என்ன பண்ணும்னு இருவது வருசத்துல ஒரு நாளு நான் ரோசிக்கலை. ரோசிக்க வேண்டிய அவசியமே இல்லை, தெரிஞ்ச மனுசன் பக்கத்துல உக்காந்து கட்டிலைத் தட்டித் தட்டிச் சொன்னாரு.

"இதுக்கு என்ன பண்றதுங்க?"ன்னு கேட்டேன்.

"முழுசா எடுத்தர்றதுதானுங்க்கா. மரம் வரைக்கும். அப்பறம் மொதல்ல இருந்து அடிக்கோணும். ஒண்ணும் பயப்படாதீங்க, நான் நல்லா அடிச்சுத் தரேன்"னாரு.

நல்ல மனுசன். ஆறுதலாத்தான் சொன்னாரு. ஆனா அந்த எட்டு கோட்டுந்தான் அவரு வலது கையில தனக்குன்னு கடைசியா செஞ்ச வேலை. சரிஞ்ச நாளுக்கப்பறம் அந்தக் கை எதையும் புடிக்கலை. சேருல உக்காந்திருந்தவரு முன்னாடி போயி மண்டி போட்டு, "என்னைய ரெண்டு அறை அறைஞ்சுடுங்க"ன்னு அவரு இடது கையை எடுத்து என்ற கன்னத்துல வெச்சேன். அந்தக் கை சும்மா கெடந்துச்சு. எடுக்கவும் இல்லை, அடிக்கவும் இல்லை. திரும்பி உள்ள கூட்டிட்டுப் போறப்ப அவரு காலை ஊனலை. ரெண்டு பேரும் தூக்கிட்டுத்தான் போனோம்.

கொல்லையிலயே அன்னிக்குப் பூண்டிக்காரரு லேக்கரை எடுத்தாரு. தின்னர்ல ஊற வெச்ச துணியை மேல போட்டு வெச்சு, பட்டைத் தகட்டுல தள்ளுனா, பாலாடையாட்டம் சுருண்டு சுருண்டு வந்துச்சு. நான் பாத்துக்கிட்டே நின்னேன். பாக்கோணும்னு எனக்கு நானே தண்டனை வெச்சுக்கிட்டேன். முடிஞ்சதும் கிட்டாரு வெறும் மரமா, பழசா, எங்கயோ பரணையில கெடந்த சாமானாட்டம் இருந்துச்சு. அவரு அதைப் பூண்டிக்கு எடுத்துட்டுப் போயிட்டாரு. கீழ உழுந்து கெடந்த சுருளையெல்லாம் நான் மொறத்துல அள்ளுனேன். அள்ளி என்ன பண்றதுன்னு தெரியலை. குப்பையிலதான் போட்டேன்.

செவுத்துப் பக்கம் திரும்புனவரு திரும்புனவருதான். அந்தப் புள்ள வரும், கையைத் தூக்கும், உடும், அது உழுகும். கட்டை விரலு அப்பறம் அசையவே இல்லை. நான் பேசிக்கிட்டே இருப்பேன். "ஏனுங்க, கிட்டாரு வந்துரும், இன்னும் பத்து நாளு, வந்துரும்"னு. அது வந்தா எந்திரிப்பாருன்னுதான் நானும் நெனச்சேன். வேற எதை நெனச்சுக்கிட்டு நான் கம்பெனிக்குப் போயிட்டு வர்றது?

ரெண்டு மாசம் கழிச்சு வந்துச்சுங்க. சும்மா சொல்லக்கூடாது, அப்படி ஒரு வேலை. தேச்சு, காம்பவுண்டு போட்டு, கம்பி மாட்டி, சுருதி சேத்துக் கொண்டாந்திருந்தாரு. ஈட்டி மரத்து முதுகுல ஜன்னல் கம்பி அத்தனையும் தெரிஞ்சுது, என்ற மொகம் தெரிஞ்சுது. இவரை உக்கார வெச்சு மடியில வெச்சோம். அந்தப் புள்ளயும் நின்னுச்சு.

இடது கையால தடவுனாரு. ஓரத்தை ஒரு தாட்டி, முதுகை ஒரு தாட்டி. வெளிச்சத்துல சாச்சுப் பாத்தாரு. அப்பறம் பூண்டிக்காரரைப் பாத்துத் தலையை ஆட்டுனாரு, நல்லா இருக்குதுன்னு. அடுத்தவங்க வேலையைப் பாக்க அவரைக் கூப்புட்டா அப்படித்தான் ஆட்டுவாரு. எனக்கு அந்தத் தலையாட்டு தெரியும். எத்தனையோ ஊட்டு வாசல்ல நின்னு பாத்திருக்கேன். ஆட்டிட்டு, இடது கையாலயே கழுத்தைப் புடிச்சுத் தூக்கி, மரியாதையா அவருகிட்டத் திருப்பிக் குடுத்தாரு. குடுத்துட்டுச் சாஞ்சு படுத்துக்கிட்டாரு.

பூண்டிக்காரரு கிட்டாரைப் புடிச்சுக்கிட்டு என்னையப் பாக்கறாரு. "வெச்சுட்டுப் போங்க"ன்னேன்.

ஆறாவது மாசம் முடியற நாளு. மணி மூணு இருக்கும், பக்கத்துல தறி மிசின் கூட கரண்டு இல்லாம நின்னு போயி ஊரே அமைதியாக் கெடந்துச்சு. அவருக்கு முதுகு தொடைச்சு விட்டுட்டிருந்தேன். எத்தனை நாளு உள்ளுக்குள்ளயே வெச்சுப் புழுங்கறது? கேட்டுட்டேன்.

"என்ற மேல கோவங்களா?"

இல்லைன்னு தலையை ஆட்டுனாரு. பொய்யில்லை. எனக்குத் தெரியும் அவரு பொய்யி.

"அப்பறம் ஏனுங்க எந்திரிக்க மாட்டீங்கறீங்க? இன்னிக்கோட ஆறு மாசமாச்சுங்க. ஒரு தாட்டி, எனக்காக ஒரே ஒரு தாட்டி தூக்கிப் பாருங்க."

மோட்டு வளையைப் பாத்தாரு. ஒதடு கோணுச்சு. நான் வலி வருதாக்கும்னு குனிஞ்சேன்.

"போதும்"னாரு.

கொளறல் இல்லை. எழுத்து எழுத்தாத் தெளிவா, பழைய கொரல்ல. அந்தக் கொரலைக் கேட்டு ஆறு மாசம் ஆச்சு. எனக்குச் சிரிக்கறதா அழுகறதான்னு தெரியாம அந்த ஈரத் துண்டைப் புழிஞ்சு புழிஞ்சு தரையெல்லாம் தண்ணியாக்கிட்டேன். மறுபடி சொல்லுவாருன்னு காத்திருந்தேன். சொல்லலை.

அடுத்த நாளு அந்தப் புள்ள வந்துச்சு. வாசல்ல செருப்பைக் கழட்டிக்கிட்டே, "அப்பா ஏதும் பேசினாவளாம்மா?"ன்னு கேட்டுச்சு. பேசுனாருன்னேன். பையை அப்படியே போட்டுட்டு ஓடி வந்து என்ற ரெண்டு கையையும் புடிச்சுக்கிச்சு. "நெசமாவா! ஒரு வார்த்தை தெளிவா வந்துட்டுன்னா மத்ததும் பின்னாலயே வந்துரும்மா. என்ன சொன்னாவ?"

எங்கூட்டுக்காரரு செவுத்தைப் பாத்துப் படுத்திருந்தாரு. காது கேக்கும் அவருக்கு.

"தண்ணி கேட்டாரு கண்ணு"ன்னேன்.